பிடித்திருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள்

பெண்களுக்கான கருத்தடை, தொற்றுத் தடுப்புப் பொருட்களில் அவர்கள் எதை விரும்புகிறார்கள் என்று கண்டறியக் களமிறங்கும் இளம் ஆய்வாளர்களுக்கு,



உங்களில் சிலர் கருத்துக் கேட்டு அனுப்பிய கேள்வித்தாள் வரைவுகளைப் படித்தேன். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஏனென்றால் எல்லா வரைவுகளிலும் முதல் பக்கம் தாண்டுவதற்குள் ஒரே கேள்வி வந்து உட்கார்ந்திருக்கிறது: 'இந்தப் பொருள் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?' பக்கத்தில் 'மிகவும் பிடித்திருக்கிறது' தொடங்கி 'பிடிக்கவே இல்லை' வரை ஐந்து கட்டங்கள். எதிரே இருக்கும் பெண் எந்தக் கட்டத்தில் விரலை வைப்பாள் என்பதை, களத்தில் நாலு வீடு ஏறி இறங்கிய எவரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள். வாசல் தேடி வந்து, பேர் கேட்டு, உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தவரிடம் 'பிடிக்கலை' என்று முகத்துக்கு நேரே சொல்கிற வழக்கம் நம் பெண்களிடம் இல்லை. டர்பனிலும் இல்லை, ஹராரேயிலும் இல்லை. இந்த மரியாதைக்கு மருத்துவ ஆராய்ச்சி கொடுத்திருக்கும் விலை கொஞ்சநஞ்சமல்ல.

ஆப்பிரிக்காவிலிருந்தே தொடங்குகிறேன். பெண் தன் கையால் பயன்படுத்தும் எச்.ஐ.வி. தடுப்புப் பொருளுக்கான தேடல் பெரும்பாலும் நடந்தது அங்கேதான். 1990இல் ஸீனா ஸ்டெய்ன் என்ற தென்னாப்பிரிக்கத் தொற்றுநோயியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். ஆணுறை ஆணின் சம்மதத்தில் தொங்குகிறது. பெண் தானே பயன்படுத்தக்கூடிய முறை வேண்டும் என்பது அதன் சாரம். இன்று படித்தால் இதில் என்ன புதுமை என்று தோன்றும். அன்று 'துணைவரிடம் ஆணுறை அணியச் சொல்லுங்கள்' என்பதற்கு மேல் பெண்களிடம் சொல்ல யாரிடமும் எதுவும் இருக்கவில்லை.

ஜெல்கள் வந்தன. முதலில் வந்த நோனாக்ஸினால்-9, ஏற்கெனவே விந்தணுக்கொல்லியாகக் கடைகளில் விற்றுவந்த பொருள். அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு அது தொற்று அபாயத்தைக் கூட்டியது என்ற முடிவு 2000ஆம் ஆண்டு டர்பன் மாநாட்டில் வெளியானது. அடுத்து செல்லுலோஸ் சல்ஃபேட். அதன் பரிசோதனை ஆப்பிரிக்க நகரங்களோடு நம் சென்னையிலும் கர்நாடகத்தின் பாகல்கோட்டிலும் நடந்தது. ஜெல் பூசியவர்களிடம் தொற்று கூடுதலாகத் தென்பட்டதால் 2007 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஆகவே இதை யாரோ தூரதேசத்துப் பெண்களின் கதையாக நினைக்க வேண்டாம். ஒரு பொருள் வழுவழுப்பாக, மணமில்லாமல், பயன்படுத்தச் சுகமாக இருக்கலாம். அதற்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தமில்லை. விருப்பத்தை அளக்கப் போகிறவர்கள் முதலில் மனதில் இருத்த வேண்டியது இது.

மூன்றாவது ஜெல்லின் பெயர் காராகார்ட். கடற்பாசியிலிருந்து எடுப்பது. தென்னாப்பிரிக்காவில் 6,202 பெண்கள் பங்கேற்ற அந்தப் பரிசோதனையில் ஒரு கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு இருந்தது. ஜெல்லை உள்ளே செலுத்தும் குழலைப் பயன்படுத்திய பிறகு திருப்பித் தரச் சொன்னார்கள். அதன் மேல் சாயம் தெளித்தால், அது உடம்புக்குள் போய்வந்த குழலா, வெளியே பிதுக்கிவிட்டுக் கொண்டுவந்ததா என்று தெரிந்துவிடும். கடைசி உறவின்போது ஜெல் பயன்படுத்தினீர்களா என்று கேட்டதற்கு நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் ஆமாம் என்றார்கள். உறவுகளில் சுமார் 42 சதவீதத்தில்தான் ஜெல் பயன்பட்டது என்று சாயம் சொன்னது. ஜெல் தொற்றையும் தடுக்கவில்லை. இதெல்லாம் 2008 டிசம்பரில் அச்சில் வந்துவிட்டது.

அடுத்த ஆண்டு 'வாய்ஸ்' தொடங்கியது.

குரல் என்று பொருள்படப் பெயர் வைத்த அந்த ஆய்வில் தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே மூன்று நாடுகளிலும் சேர்த்து 5,029 பெண்கள். சிலருக்கு நாளுக்கொரு எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை, சிலருக்கு நாளுக்கொரு முறை டெனோஃபோவிர் என்ற மருந்து கலந்த ஜெல், மற்றவர்களுக்கு அதேபோலத் தோற்றமளிக்கும் மருந்தில்லாத மாத்திரையோ ஜெல்லோ. மாதந்தோறும் மையத்துக்கு வருவார்கள், மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணுவார்கள், கேள்வி கேட்பார்கள். கேட்பவர் முகத்துக்காகப் பொய் சொல்லிவிடக் கூடாதே என்று கணினி வழியாகவும் கேட்டார்கள். எல்லா வழியிலும் ஒரே பதில்: ஏறக்குறைய 90 சதவீதம் ஒழுங்காகப் பயன்படுத்துகிறோம். ஆய்வு முடிந்த பிறகு, சேமித்து வைத்திருந்த ரத்தத்தைச் சோதித்தார்கள். எந்தக் குழுவிலும் மருந்து தென்பட்ட மாதிரிகள் முப்பது சதவீதத்தைத் தாண்டவில்லை. ஜெல் குழுவில் நாலில் ஒரு பங்கு. சோதிக்கப்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் ரத்தத்தில் ஆய்வுக் காலம் முழுவதும் ஒருமுறைகூட மருந்து இல்லை. இதற்கிடையில் ஆண்டுக்கு நூறு பேரில் ஐந்தாறு பேருக்கு எச்.ஐ.வி. தொற்றிக்கொண்டே இருந்தது.

பெண்கள் பொய் சொன்னார்கள் என்று அப்போது பேசியவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. எந்தப் பதில் சொன்னால் செவிலியரின் முகம் மலரும் என்பதை மாதாமாதம் போய்வரும் பெண் கற்றுக்கொள்ளாமல் இருப்பாளா? மையத்துக்குப் போனால் உடம்பைக் கவனமாகப் பரிசோதிக்கிறார்கள், இலவசமாகப் பார்க்கிறார்கள், மதிப்பாக நடத்துகிறார்கள். அந்தப் பராமரிப்பை இழக்க அவளுக்கு மனமில்லை; மாத்திரையை விழுங்கவும் மனமில்லை. இரண்டுக்கும் நடுவில் அவள் கண்டுபிடித்த வழிதான் அந்தத் தொண்ணூறு சதவீதம்.

பிறகு ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பங்கேற்றவர்களில் சிலரைத் திரும்ப அழைத்து, அவரவர் ரத்த முடிவை அவரவர் முன்னால் வைத்து, குற்றம் சாட்டும் தொனி இல்லாமல், என்ன நடந்தது என்று பேசச் சொன்னார்கள். அப்போதுதான் பேச்சு வந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் சாப்பிடும் மருந்தை, ஒன்றுமில்லாத நான் ஏன் சாப்பிட வேண்டும்? அலமாரியில் டப்பாவைப் பார்த்தால் எனக்கு நோய் என்றுதானே வீட்டில் நினைப்பார்கள்? காத்திருக்கும் கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள் வயிற்றைப் புரட்டியது என்றாள், இன்னொருத்தி தூக்கிப் போட்டுவிட்டேன் என்றாள், நானும் போட்டேன். இந்த ஒவ்வொரு வாக்கியமும் ஒரு விருப்பம். ஐந்து கட்டங்களில் ஒன்றிலும் இது அடங்காது.

ஜெல் கதைக்கு ஒரு பிற்பகுதி உண்டு. 2010 ஜூலையில், வியன்னா மாநாட்டில், தென்னாப்பிரிக்க ஆய்வாளர்களான குவாரைஷா அப்துல் கரீமும் சலீம் அப்துல் கரீமும் கேப்ரிசா 004 ஆய்வின் முடிவைச் சொன்னார்கள். டர்பனிலும் வுலிண்ட்லெலா கிராமப்புறத்திலும் 889 பெண்கள். டெனோஃபோவிர் ஜெல் தொற்றை 39 சதவீதம் குறைத்தது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அதை உறுதிசெய்ய வந்த ஃபேக்ட்ஸ் 001 ஆய்வு 2,059 பெண்களோடு நடந்து, 2015இல், ஜெல் காப்பாற்றவில்லை என்று முடிந்தது. யார் அந்தப் பெண்கள்? பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த, மணமாகாத, பெற்றோரோடும் உடன்பிறந்தவர்களோடும் ஒரே வீட்டில் வசிப்பவர்கள். உறவுக்கு முன் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஒருமுறை, பின் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஒருமுறை ஜெல் போட வேண்டும். அறையைச் சகோதரியோடு பகிர்ந்துகொள்ளும் பெண் அந்தப் பெட்டியை எங்கே வைப்பாள்? குழலை எந்தக் குப்பையில் போடுவாள்? உறவு எப்போது என்று அவளுக்கே முன்கூட்டித் தெரியுமா? ஜெல்லின் வேதியியலுக்குப் பதிற்றாண்டுகள் செலவழித்தோம். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்ற கேள்விக்கு எத்தனை பக்கம் ஒதுக்கினோம்?

உங்கள் வரைவுகளில் வயது, கல்வி, வருமானம், சாதி, மதம் எல்லாம் இருக்கின்றன. வீட்டில் எத்தனை அறை, கழிப்பறை உள்ளேயா வெளியேயா, அவளுடையது என்று பூட்டி வைத்துக்கொள்ள ஒரு பெட்டியாவது உண்டா, அவள் பையை வேறு யார் திறப்பார்கள் என்ற கேள்விகள் ஒன்றில்கூட இல்லை. தென்னாப்பிரிக்காவிலும் கென்யாவிலும் தடுப்பு மாத்திரை எடுத்த இளம்பெண்கள் திரும்பத் திரும்பச் சொன்ன புகார் ஒன்று உண்டு. மருந்தைப் பற்றியதல்ல, டப்பாவைப் பற்றியது. பைக்குள் மாத்திரைகள் கலகலவென்று குலுங்குகின்றன, பேருந்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றார்கள். சிலர் சத்தம் வராமலிருக்கப் பஞ்சு அடைத்தார்கள், சிலர் வேறு டப்பாவுக்கு மாற்றினார்கள். ஆய்வகத்தில் இருந்தபடி இதை யார் யோசித்திருப்பார்கள்?

சத்தம் என்றதும் பெண்ணுறை நினைவுக்கு வருகிறது. முதலில் வந்த பெண்ணுறை பாலியூரித்தேனால் செய்தது. உறவின்போது சரசரவென்று ஒலித்தது. தாள் கசங்குவது போலிருக்கிறது என்று பெண்களும் ஆண்களும் ஒருசேரச் சொன்னார்கள். அடுத்த வடிவம் நைட்ரைலில் வந்தது, சத்தம் அடங்கியது, விலையும் இறங்கியது. பெண்ணின் புகார் ஒரு பொருளை மாற்றியதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. அதோடு, ஜிம்பாப்வே பெண்கள் யாரும் வந்து கருத்துக் கேட்கட்டும் என்று காத்திருக்கவில்லை. தொண்ணூறுகளில் அங்குள்ள பெண்கள் அமைப்பு ஒன்று சுமார் 30,000 கையெழுத்துகளைத் திரட்டி, பெண்ணுறையை நாட்டுக்குள் கொண்டுவரச் சொல்லி அரசிடம் கொடுத்தது. கொண்டுவந்தார்கள். முப்பதாயிரம் கையெழுத்தும் ஒரு விருப்ப ஆய்வுதான். மாதிரி எடுக்கும் முறை மட்டும் உங்கள் பேராசிரியர்களுக்குப் பிடிக்காது.

இப்போது நீங்கள் பெரிதும் நம்பும் அட்டை விளையாட்டுக்கு வருகிறேன். தெரிவுச் சோதனை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு அட்டைகள், ஒன்றில் மாதமொரு முறை, தொற்றைப் பாதி தடுக்கும், கருவையும் தடுக்கும், கணவருக்குத் தெரியாது, கொஞ்சம் காசு, மற்றதில் மூன்று மாதமொரு முறை ஊசி, தொற்றை முக்கால்வாசி தடுக்கும், கருவைத் தடுக்காது, மாதவிலக்கு தள்ளிப்போகலாம், இலவசம். எது வேண்டும்? இப்படிப் பல ஜோடிகளைக் காட்டி, எந்தக் குணத்துக்காக எதை விட்டுக்கொடுக்கிறாள் என்று கணக்கிடுவது. நல்ல முறைதான், மறுக்கவில்லை. 'எல்லாம் பிடிக்கும்' என்று தப்பிக்க அதில் இடமில்லை. ஒன்றைப் பெற ஒன்றை இழந்தாக வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இப்படிக் கேட்டபோது, கருவையும் தொற்றையும் சேர்த்துத் தடுக்கும் பொருளுக்குத் தனி மவுசு இருப்பது தெரிந்தது. தொற்று வந்தாலும் வரும், கரு நிச்சயம் நின்றுவிடும் என்ற பயம் மாதாமாதம் இருக்கிறதல்லவா. கருவைத் தடுப்பதோடு தொற்றையும் தடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்கிறாள். இது எவ்வளவு நியாயமானது என்பதை 2019இல் வெளிவந்த எக்கோ ஆய்வு காட்டியது. கருத்தடை கேட்டு வந்த 7,829 பெண்களைத் தென்னாப்பிரிக்கா, கென்யா, எஸ்வாத்தினி, ஸாம்பியா நாடுகளில் பின்தொடர்ந்தார்கள். ஊசி, காப்பர் டி, கைக்குள் வைக்கும் குச்சி மூன்றில் எதைப் போட்டவர்களுக்கும் எச்.ஐ.வி. அபாயத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் 397 பேருக்குத் தொற்று வந்திருந்தது. ஆண்டுக்கு நூற்றுக்கு நாலு பேர். கருத்தடைக்காக வந்த அதே வாசலில் தொற்றும் வந்து நிற்கிறது. தனித்தனி அலுவலகம், தனித்தனி பதிவேடு என்று பிரித்து வைத்தது நாம்தான். அவள் உடம்பு பிரித்து வைக்கவில்லை.

ஆனால் அட்டை அட்டைதான். அட்டையில் ஊசி வலிக்காது, ஜெல் கசியாது. அதனால் 'ட்ரியோ' ஆய்வு எனக்குப் பிடிக்கும். கென்யாவின் கிசுமுவிலும் தென்னாப்பிரிக்காவின் சொஷாங்குவேயிலும் 277 இளம்பெண்களிடம் மருந்தில்லாத மாத்திரை, பெண்ணுறுப்புக்குள் வைக்கும் வளையம், ஊசி மூன்றையும் கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்தபின், இனி எது என்று கேட்டார்கள். பெரும்பான்மையோர் ஊசி என்றார்கள். உடனே 'பெண்கள் ஊசியை விரும்புகிறார்கள்' என்று தலைப்பிட்டுவிடலாம். கொஞ்சம் பொறுங்கள். அந்த இரண்டு நாடுகளிலும் கருத்தடை என்றாலே பெரும்பாலும் ஊசிதான். அம்மா போட்டிருப்பாள், அக்கா போட்டிருப்பாள், போட்டுவிடும் செவிலியரைப் பெயர் சொல்லித் தெரியும். பழகியதை விரும்புவதும் விருப்பம்தான். ஆனால் அது எவ்வளவு தூரம் பழக்கம், எவ்வளவு தூரம் விருப்பம் என்று பிரித்துக் கேட்க வேண்டியது உங்கள் வேலை.

நம்மூரைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 'குடும்பக் கட்டுப்பாடு' என்றால் ஆபரேஷன் என்றே அர்த்தமாகிவிட்டது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இங்கே மணமாகிக் குழந்தை பெறும் வயதிலிருக்கும் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களில் செய்துகொண்டவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. பெண்களுக்கு ஆபரேஷன்தான் பிடிக்கிறது என்று அறிக்கை எழுதிவிடலாம். ஊரில் இருப்பது ஒரே ஒரு இட்லிக் கடை என்றால், ஊரார் இட்லிப் பிரியர்கள் என்றும் எழுதலாம். இருபதுகளின் நடுவிலேயே, இரண்டாவது பிரசவத்தோடு சேர்த்து முடித்துக்கொண்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கரு நிற்காது என்பதால் ஆணுறைக்கும் வேலையில்லை. தொற்று? மருத்துவர் சுனிதி சாலமன் சென்னையில் நடத்திய மையத்தில் தொற்றோடு வந்த பெண்களைப் பற்றி 2000இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் கணவனைத் தவிர வேறு ஆணை அறியாத இல்லத்தரசிகள். எச்.ஐ.வி. பரவல் இன்று நம்மிடம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. அதற்குப் பாடுபட்டவர்களை வணங்குகிறேன். ஆனால் மற்ற பால்வினைத் தொற்றுகள் ஆபரேஷன் ஆனவள், ஆகாதவள் என்று பார்த்து வருவதில்லை.

நம்மூரில் இந்த ஆய்வைச் செய்யப் போகிறவர்கள் ரத்தப்போக்கைப் பற்றிக் கேட்காமல் திரும்பாதீர்கள். 2017 முதல் 'அந்தரா' என்ற பெயரில் மூன்று மாத ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. அதே 2019-21 ஆய்வின்படி, கருத்தடை ஊசி போட்டுக்கொண்டவர்கள் நாடு முழுவதும் ஒரு சதவீதத்தை எட்டவில்லை. மாதவிலக்கு முன்பின்னாகும், சிலருக்கு நின்றே போகும், சிலருக்குச் சொட்டுச் சொட்டாக நாள்கணக்கில் படும். மருத்துவப் புத்தகம் இதைப் பெரும்பாலும் ஆபத்தில்லாத பக்கவிளைவு என்று ஒரு வரியில் முடித்துவிடும். வீட்டில் அது ஒரு வரியில் முடிவதில்லை. தீட்டுப் பார்க்கும் வீட்டில் சொட்டுச் சொட்டாகப் படும் நாளெல்லாம் அவள் விளக்கேற்ற முடியாது. மாமியார் ஏனென்று கேட்பார். நின்றுபோனாலோ, கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடுகிறது என்ற அச்சம். அதேபோல வெள்ளைப்படுதல். வெள்ளைப்பட்டால் உடம்பு உருகிப்போகும் என்று நம்பும் பெண்ணிடம், மறுநாள் காலையில் கசிகிற ஜெல்லைக் கொடுத்தால் என்ன ஆகும்? மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்கள் இந்த ஆய்வுக்குப் போக வேண்டாம். அவள் தினமும் வாழ வேண்டிய வீடு அது.

பழைய கணக்கு ஒன்றும் நம் நாட்டில் பாக்கி இருக்கிறது. 1985இல் ஹைதராபாத் பக்கத்தில் பட்டான்செரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நெட்-என் என்ற இரண்டு மாதக் கருத்தடை ஊசியைப் பரிசோதிக்க ஏற்பாடு நடந்தது. வந்த கிராமத்துப் பெண்களுக்கு இது பரிசோதனை என்றே சரியாகச் சொல்லப்படவில்லை என்பதைப் பெண்கள் அமைப்பினர் கண்டுபிடித்தார்கள். மறுஆண்டே ஸ்த்ரீ சக்தி சங்கடனா உள்ளிட்ட அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. வேடிக்கை என்னவென்றால், அதே நெட்-என் தென்னாப்பிரிக்காவில் இளம்பெண்கள் சகஜமாகப் போட்டுக்கொள்ளும் ஊசி. அப்படியென்றால் அந்த அமைப்புகள் எதிர்த்தது வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லும் வழியை அடைத்துவிட்டுக் கொடுக்கப்படும் எதையும், அது அமுதமே ஆனாலும், பெண்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல முடியாது.

உங்களிடம் நான் சொல்ல வந்ததே இதுதான். மறுக்கவும் நடுவில் நிறுத்தவும் முடிகிற இடத்தில்தான் ஒரு பெண்ணின் விருப்பம் வெளியே வரும். டாபிவிரின் என்ற எச்.ஐ.வி. தடுப்பு மருந்து கலந்த வளையத்தின் கதை இதற்குச் சாட்சி. சிலிக்கோனால் ஆன, வளையும் தன்மையுள்ள வளையம். அவளே உள்ளே வைத்துக்கொள்ளலாம், மாதம் முழுவதும் மருந்து கசிந்துகொண்டிருக்கும், அவளே எடுத்துவிடலாம். 2016இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் சுமார் 30 சதவீதப் பாதுகாப்பு என்றன. 'ஆஸ்பயர்' என்ற ஆய்வில் இருபத்தைந்தைத் தாண்டிய பெண்களுக்கு 61 சதவீதம்; இருபத்தொன்றுக்குட்பட்டவர்களுக்கு எதுவுமே இல்லை. சின்னப் பெண்கள் சொன்னபடி கேட்க மாட்டார்கள் என்று பலர் முடிவு கட்டினார்கள். பிறகு 'ரீச்' என்ற ஆய்வு வந்தது. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வேயில் 16 முதல் 21 வயது வரையுள்ள 247 பேர். ஆறு மாதம் மாத்திரை, ஆறு மாதம் வளையம். அதன்பின் எது வேண்டுமோ அது, இரண்டும் வேண்டாமென்றாலும் சரி, நடுவில் மாற்றிக்கொண்டாலும் சரி. ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதை அவர்களிடமே சொன்னார்கள், ஆனால் திட்டவில்லை. மூன்றில் இரண்டு பங்கினர் வளையத்தையும், மற்றவர்களில் அநேகமாக எல்லோரும் மாத்திரையையும் எடுத்தார்கள். முன்பு எந்த வயதுப் பெண்கள் பயன்படுத்தவில்லை என்று கைவிடப்பட்டார்களோ அதே வயதுப் பெண்கள் பயன்படுத்தினார்கள். மாறியது பொருளல்ல, பெண்ணுமல்ல.

கடைசியாக ஒன்று. நீங்கள் களத்துக்குப் போகும் நேரம் பார்த்து லெனகாபவிர் என்ற எச்.ஐ.வி. தடுப்பு மருந்து வந்திருக்கிறது. ஆண்டுக்கு இரண்டே ஊசி. 2024இல் 'பர்பஸ் 1' ஆய்வின் முடிவு வந்தபோது, தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அந்த ஊசி போட்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லை. இத்துறையில் கேள்விப்பட்டிராத எண் அது. 2025 நிலவரப்படி அமெரிக்காவில் ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல் பட்டியல் விலை. ஹைதராபாத் நிறுவனங்கள் 2027 முதல் ஆண்டுக்குச் சுமார் 40 டாலருக்குத் தருவதாக 2025இல் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. இனி விருப்ப ஆய்வே எதற்கு, எல்லோருக்கும் இதையே போட்டுவிடலாமே என்ற பேச்சு வரும். வந்துகொண்டிருக்கிறது. டப்பா இல்லை, சத்தம் இல்லை, யாருக்கும் தெரியாது. உண்மைதான், நானும் மகிழ்கிறேன். ஆனால் அது கருவைத் தடுக்காது. போட்ட ஊசியை எடுக்க முடியாது. வளையத்தைப் போலக் கழற்றி வைக்க வழியில்லை. ஆறு மாதம் உடம்பில் இருக்கும் ஒன்றை ஒருத்தி வேண்டாம் என்றால், அதையும் விருப்பம் என்று எழுத உங்கள் படிவத்தில் இடம் வேண்டும்.

ஆகவே, படிவத்தைத் திரும்ப எழுதுங்கள். 'பிடித்திருக்கிறதா' என்பதை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் 'எப்போது நிறுத்தினீர்கள், ஏன், யாரிடம் சொன்னீர்கள்' என்பதையும் வையுங்கள். எங்கே ஒளித்து வைத்தாள் என்று கேளுங்கள். பங்கேற்பவரின் வருகை, பரிசோதனை, பயணப்படி எதுவும் அவள் சொல்லும் பதிலைப் பொறுத்து மாறாது என்பதை முதல் நாளே வாயால் சொல்லுங்கள், தாளில் மட்டும் அல்ல. உள்ளூர் கிராம சுகாதார செவிலியரை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்காதீர்கள். நல்லவராக இருக்கலாம், ஆனால் ஆபரேஷன் கணக்கை மேலே அனுப்புகிறவர் அவர். கணவர்களிடமும் மாமியார்களிடமும் கேட்கத்தான் வேண்டும், ஆனால் தனியாக, பிறகு.

முடிவு வந்ததும் இரண்டு இடங்களுக்கு அனுப்புங்கள். ஒன்று, மருந்து கொள்முதல் செய்யும் அலுவலகம். எதை வாங்குவது என்று டெண்டர் எழுதும் மேசைக்கு இத்தகைய அறிக்கைகள் போய்ச் சேர்வது அபூர்வம். இதழ்களில் வெளியாகி அங்கேயே நின்றுவிடுகின்றன. மற்றது, உங்களிடம் பேசிய பெண்கள். தமிழில், இரண்டு பக்கத்தில், நீங்கள் சொன்னது இது, எங்களுக்குப் புரிந்தது இது, தவறென்றால் சொல்லுங்கள் என்று அவர்கள் ஊருக்கே போய்ப் படித்துக்காட்டுங்கள். அன்றைக்கு அவர்கள் மறுத்துச் சொல்வதையும் எழுதிக்கொண்டு வந்து, அதன் பிறகு அறிக்கையை அச்சுக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அதே தெருக்களில் நடந்த ஒரு களப்பணியாளர்